படம் ஏன் ஆடியிருக்கிறது என்று கேட்டாயே

பாறசாலை,
31-1-1955

என் அன்பு மகன் ஈசாக்குக்கு, தினமும் உன் பேரைச் சொல்லி முழங்கால் போடுகிற உன் அம்மை ஞானப்பூ எழுதிக்கொண்டது. கர்த்தருடைய தயவால் இங்கே எல்லாரும் எழுந்து நடமாடுகிறோம், கஞ்சி இறங்குகிறது, உறக்கம் வருகிறது. நீ சுகமாய் இருக்கிறாய் என்பதை உன் கையெழுத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். காய்ச்சல் என்றால் உன் எழுத்து சாயும், சுகம் என்றால் நேரே நிற்கும், பள்ளிக்கூடத்தில் படிக்கிற நாள் முதல் அப்படியாக்கும். இந்தத் தடவை நேரேதான் நின்றது, கொஞ்சம் முறைத்துக்கொண்டும் நின்றது. மகன் முறைத்தால் அம்மை பயப்படுவாள் என்று நினைத்தாயோ என்னவோ. உன் அப்பன் முறைத்தே நான் பயந்ததில்லை.

நீ இரண்டு காரியம் கேட்டிருந்தாய். ஒன்று, கிறிஸ்துமஸ் லீவில் இரண்டு நாளாய்த் தம்பானூர் ஸ்டேஷனில் எடுத்து அனுப்பின மூன்று படமும் ஏன் ஆடியிருக்கிறது, எஞ்சினுக்கு இரண்டு புகைப்போக்கி தெரிகிறது, கோலாலம்பூர் ஒர்க்ஷாப்பில் கூட்டாளிகளிடம் இது எங்கள் ஊர் எஞ்சின் என்று காட்ட வெட்கமாயிருக்கிறது, காமிராவை வயிற்றோடு சேர்த்துப் பிடித்து மூச்சடக்கித் தட்டவேண்டும் என்று எத்தனை தடவை எழுதுவது என்று. இரண்டாவது, தங்கச்சி விமலா எழுதினது உண்மைதானா, உண்மையென்றால் சத்தியதாஸ் சித்தப்பா பேரில் நடக்கிற கேசில் சாட்சி சொல்லப் போகாமல் விட்டுவிடுங்கள் என்று. அவனைச் சித்தப்பா என்று நீ எழுதியிருந்த இடத்தை நான் மசியால் அடித்துவிட்டேன். உன் அப்பனுக்கு அவன் சிற்றப்பன் மகன் என்பது உண்மை, அந்த உறவைப் பெட்டியில் வைத்துப் பூட்டி நாளாயிற்று. உன் தங்கச்சி தன் பங்குக்கு எழுதிவிட்டாள், இனி என் வாயிலிருந்தும் கேள், ஒன்றையும் மறைக்கமாட்டேன். முதல் கேள்விக்குப் பதில் போகிற வழியில் தானே வரும்.

ஊர் விசேஷம் சொல்லிவிடுகிறேன். மரச்சீனி இந்த வருஷம் நன்றாய் விளைந்தது, எலி தன் தசமபாகத்தை எடுத்துக்கொண்டது. கறுப்பு ஆடு இரண்டு குட்டி போட்டது. விமலாவின் மகள் ஓமனா நாலாம் கிளாஸ், இன்னும் ஒரு வருஷத்தில் அம்மச்சியின் படிப்பை எட்டிப் பிடித்துவிடுவாள். எல்லைச் சமாசாரம் நீ பேப்பரில் பார்ப்பாய், நம் தாலுகா தமிழ்நாட்டோடு சேருமா இங்கேயே கிடக்குமா என்று டீக்கடைக்கு டீக்கடை ஒரு கமிஷன் உட்கார்ந்திருக்கிறது. பஸ்சில் தமிழ் பேசினால் ஒருவன் திரும்பிப் பார்க்கிறான், மலையாளம் பேசினால் இன்னொருவன் திரும்பிப் பார்க்கிறான், அதனால் நான் பஸ்சில் ஜெபம் பண்ணிக்கொண்டு போகிறேன். நீ குடையும் கம்பளியும் இல்லாமல் வேலைக்குப் போகாதே, அங்கே தினமும் மழை என்று அங்கேயிருந்து லீவில் வந்த பூவார்க்காரன் சொன்னான்.

அந்தப் பூவார்க்காரன் கையில் நீ காமிராப் பெட்டியைக் கொடுத்தனுப்பி நாலு வருஷம் ஆகிறது. நம் பக்கத்தில் தண்டவாளம் கிடையாது, ரயில் பார்க்க வேண்டுமென்றால் தம்பானூருக்குத்தான் போகவேண்டும். பள்ளிக்கூட லீவு வந்தால் மரச்சீனி அவித்து, மீன்கறியை வற்றவைத்து, வாழையிலையில் கட்டிக்கொண்டு முதல் பஸ் ஏறுவோம். மிருகசாலையில் புலியைப் பார்ப்போம், புளியமரத்து நிழலில் உட்கார்ந்து தின்போம், பிறகு நாலேகால் மணிக்குச் சாயங்கால வண்டி புறப்படுகிறதற்கு முன்னே ஸ்டேஷனில் நிற்போம். உன் தங்கச்சி மாப்பிள்ளை பொன்னுதாஸ்தான் படம் எடுப்பான். எஞ்சின் மட்டும் ஒரு படம் உனக்கு, எஞ்சினுக்கு முன்னால் குடும்பம் நிற்கிற ஒரு படம் வீட்டுக்கு, அந்தப் படத்துக்கு மாத்திரம் யாராவது போர்ட்டர் கையில் காமிராவைக் கொடுத்துவிட்டு அவனும் வந்து நிற்பான். ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் கூடாது என்று நான்தான் சட்டம் போட்டேன். ஒரு சுருளில் எட்டுப் படம், எட்டும் தீராமல் கழுவக் கொடுக்கவும் கூடாது. அதனால் ஆறு மாசத்துச் சிரிப்பெல்லாம் பெட்டிக்குள் இருட்டில் கிடக்கும். இந்தச் சிக்கனத்தை நினைவில் வைத்துக்கொள், பின்னால் வரும்.

போன ஜூலை முப்பத்தொன்று சனிக்கிழமை. அன்றைக்குச் சுயம்பு டிரைவருக்குக் கடைசி ஓட்டம். வெள்ளறடைக்காரன், உன் அப்பன் காலத்திலிருந்து ஓடுகிற அந்தப் பழைய கறுப்பு எஞ்சினை ஓட்டுகிறவன், உனக்கும் அவனைத் தெரியும். நாம் படம் எடுக்கிறபோது நீராவியை அடக்கிப் பிடித்து, அம்மச்சி எடுத்துத் தீரட்டும் எலே, பின்னே ஊதுவோம், என்று பயர்மேனிடம் சொல்லுகிற மனுஷன். ஓய்வாகிப் போகிற டிரைவருக்குச் செய்கிறபடி எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் குலைவாழை கட்டி, மூக்கில் செவ்வந்தி மாலை போட்டு, நெஞ்சில் சாக்குக்கட்டியால் சுயம்பு, கடைசி ஓட்டம், 31-7-54 என்று பெரிதாய் எழுதியிருந்தார்கள். அது எங்கள் சுருளில் ஐந்தும் ஆறும். ஆறாவதில் பொன்னுதாஸ் ஓமனாவைத் தோளில் வைத்துக்கொண்டு அந்த எழுத்துக்குப் பக்கத்தில் நிற்கிறான், விமலா சிரிக்கிறாள், நான் சிரிக்கவில்லை. வண்டி போனதும் சுயம்புவின் பெண்டாட்டி அழுதாள், நாங்கள் பஸ் பிடித்து வந்துவிட்டோம்.

அதே சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் களியக்காவிளைச் சந்தைப் பக்கத்தில் ஒரு பஸ்சுக்குக் கல் விழுந்து டிரைவருக்கு மண்டை உடைந்தது. எவன் எறிந்தான் என்று இன்றைக்கும் தெரியாது. ஆகஸ்டு பதின்மூன்றாம் தேதி பள்ளிக்கூடத்தில் பாடம் நடக்கிறபோதே வந்து பொன்னுதாஸைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் தமிழ் வாத்தியார், தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்கிற ஊர்வலத்தில் பட்டப்பகலில் போகிறவன், அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. கல் எடுக்கிறவன் இல்லை. குற்றம் என்று தீர்ந்தால் வேலை போகும், ஜெயில் வரும், ஓமனாவுக்கு ஜெயில்காரன் மகள் என்று பேர் வரும். ஜாமீன் கேட்டோம், அந்த நேரம் எங்களோடு தம்பானூரில் நின்றான் என்றோம், வீட்டார் சொல் செல்லாது, கண்ணால் பார்த்த சாட்சி உண்டு என்று மறுத்துவிட்டார்கள். அந்தச் சாட்சி யாரென்று நாங்கள் வைத்த வேலாயுதன் வக்கீல் போலீஸ் கொடுத்த கடலாசை வாசித்துச் சொன்னபோது என் காதில் ரயில் கூவினது. சத்தியதாஸ்.

ஏன் என்று நீ கேட்கமாட்டாய், உனக்குத் தெரியும். விமலாவைத் தன் மகன் ராஜனுக்குக் கேட்டு வந்தான், நான் கொடுக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சபை முழுக்கக் கேட்கும்படி கோயில் வாசலில் நின்று, ஞானப்பூ மகளை வாத்தியானுக்குக் கட்டிக்குடுத்து சாக்குத்தூளு தின்ன வைக்கப்போறா, என்று சொன்னவன். உன் அப்பன் அடக்கத்துக்கு வந்து பலாவில் எத்தனை காய் என்று அண்ணாந்து பார்த்தவன். பத்து வருஷமாய் அவன் வாயை நான் வாயால் அடைத்துக்கொண்டு வந்தேன், இந்தத் தடவை அவன் என் வீட்டுக்குள் கையை விட்டான்.

காமிரா நினைவு எனக்கு மூன்றாம் நாள்தான் வந்தது. அழுதுகொண்டிருந்த வீட்டில் யாருக்கும் வரவில்லை, எனக்கு வந்தது. சுருளில் இன்னும் இரண்டு மிச்சம் கிடந்தது, அதை வீணாக்கக்கூடாது என்று கறுப்பு ஆட்டை ஒன்றும் பலாமரத்தை ஒன்றும் எடுத்துத் தீர்த்தேன். மருமகன் ஜெயிலில் கிடக்கிறபோது ஆட்டைப் படம் பிடித்தவள் என்று விமலா இன்றைக்கும் சொல்லுகிறாள், சொல்லட்டும். நெய்யாற்றின்கரையில் தேவகுமார் ஸ்டுடியோவில் நானே தனியாய்ப் போய்க் கழுவக் கொடுத்து, ஆகஸ்டு இருபத்துமூன்று திங்கட்கிழமை படம் வாங்கினேன். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து உன் அப்பன் வேதம் வாசிக்கிற பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். ஆறாவது படம் கண்ணாடி மாதிரி வந்திருந்தது. எழுத்து, தேதி, பக்கத்தில் பொன்னுதாஸ் முகம். ஸ்தோத்திரம் என்று சத்தமாய்ச் சொல்லிவிட்டேன், தேவகுமார் வெளியே வந்து பார்த்தான். பஸ்சுக்கு நேரம் இருந்தது, இன்னொரு தடவை பார்த்தேன். எஞ்சின் சக்கரத்துக்குப் பின்னால் தூணோரம் ஒருவன் முதுகு காட்டி நிற்கிறான். சட்டைக் காலரில் பின்னால் குடை தொங்குகிறது, பிடியில் வெள்ளைத் துணி சுற்றின குடை. தோளுக்கு மேலே பாதி முகம் எங்களைப் பார்க்கிறது. நம்மைக் கண்டு முகத்தை மறைக்கத் திரும்பினவன், முதுகில் தொங்குவதை மறந்துபோனான். ஞாயிற்றுக்கிழமைதோறும் என் முன்பெஞ்சில் பார்க்கிற முதுகை எனக்குத் தெரியாதா. களியக்காவிளையில் நாலு மணிக்குப் பொன்னுதாஸைக் கண்ணால் பார்த்தவன் நாலு மணிக்குத் தம்பானூரில் நிற்கிறான்.

மகனே, இனிச் சொல்லப்போவதுதான் விமலா உனக்கு எழுதினது. அந்தப் படத்தை அன்றைக்கே வேலாயுதன் வக்கீலிடம் கொடுத்திருந்தால் ஜாமீனுக்கு மறுபடி எழுதிப்போடலாம், ஒருவேளை ஓணத்துக்கு முன்னே பொன்னுதாஸ் வீட்டுக்கு வந்திருப்பான். ஆனால் படம் வெளியே வந்தால் சத்தியதாஸ் என்ன செய்வான்? எனக்கு ஆள் மாறிப்போச்சு, வயசாச்சு, கண்ணு தெரியல்ல, என்று கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய் மத்தியானம் உறங்குவான். ஓணத்து லீவு கழிந்து செப்டம்பர் இருபதாம் தேதி கேஸ் என்று வைத்திருந்தார்கள். அன்றைக்கு அவன் வேதப்புஸ்தகத்தில் கை வைத்துச் சத்தியம் பண்ணவேண்டும். பண்ணின பிறகு படம் வரவேண்டும். வக்கீல் கேட்டார், அம்மச்சி, அண்ணைக்குப் படம் வல்லதும் எடுத்தீங்களா. வெளிச்சம் பட்டுக் கெட்டுப்போச்சு என்றேன். விமலாவிடமும் அதையே சொன்னேன். எஸ்தரின் புஸ்தகத்தில், அடுத்தவனுக்கென்று ஆமான் நாட்டின மரத்தில் அவனே தொங்குகிற இடத்தில், படத்தை வைத்து மூடினேன். இருபத்தெட்டு நாள்.

சுயம்பு டிரைவரிடம் மட்டும் சொன்னேன், அவனும் சாட்சி சொல்ல வரவேண்டுமே. வெள்ளறடைக்குப் போய் அவன் ரப்பர் தோட்டத்தில் நின்று எல்லாம் சொன்னபோது அவன் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, அம்மச்சி, வண்டியில ஸ்டீம் ஏத்தினா ஒண்ணு ஓட்டணும், இல்லேன்னா வால்வைத் திறந்துவிடணும், ஏத்தி வச்சிட்டு நிக்கப்பிடாது, எங்கேயாவது பொட்டும், கேட்டியளா, என்றான். நீ வண்டி ஓட்டினது போதும், இது நான் ஓட்டுகிற வண்டி என்று சொல்லிவிட்டு வந்தேன். கூப்பிட்டால் வாறேன் என்றான், சொன்னபடி வந்தான்.

கோர்ட்டுக் காரியத்தை நீ இருந்து பார்த்திருக்கவேண்டும். காலையில் வாசலில் வைத்துப் படத்தை வக்கீல் கையில் கொடுத்தேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். சத்தியதாஸ் கூண்டில் ஏறி வேதத்தில் கை வைத்து, முப்பத்தொண்ணாந்தேதி நாலு மணிக்கு களியக்காவிளை புளியமூட்டில டீ குடிச்சிட்டு நிக்கேன், இந்த வாத்தியாரு கையில கல்லோட ஓடினதைப் பார்த்தேன், சத்தியமாக்கும், என்றான். வக்கீல் மெதுவாய்க் கேட்டார், டீ குடிக்கும்போ கையில வேறென்ன உண்டு? ஒண்ணுமில்ல. அப்போ குடை? குடை காலர்ல கெடக்கு, எப்பவும் அங்கதானே கெடக்கும். எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான், அதுதான் அவன் கடைசியாய்ச் சிரித்தது. பிறகு படம் மேலே போயிற்று. பூதக்கண்ணாடியையும் நான் பையில் கொண்டு போயிருந்தேன், ஐந்தாம் கிளாஸ்காரிக்கு அந்தப் புத்தி உண்டு. மஜிஸ்திரேட் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து அவனைப் பார்த்தார், இது நிங்ஙள் அல்லே, என்று மலையாளத்தில் கேட்டார். அவன் படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, குடை எனக்கக் குடைதான் ஏமானே, ஆளு நானில்ல, என்றான். கோர்ட்டுக் கூரை ஓடு ஆடும்படி சிரித்தார்கள் மக்கா. டவாலிச் சேவகன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். அவன் அன்றைக்கு ஸ்டேஷனுக்குப் போனது தன் மகன் ராஜனை மதராசுக்கு வண்டியேற்ற, அதுவும் வெளியே வந்தது. சுயம்பு கூண்டில் ஏறித் தேதியையும் மணியையும் சொன்னான். பொன்னுதாஸ் அன்றைக்கே விடுதலை, மறுவாரம் பள்ளிக்கூடத்தில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். பொய்ச்சாட்சி சொன்னதற்காகச் சத்தியதாஸ் பேரில் கேஸ் எடுக்க மஜிஸ்திரேட்டே உத்தரவிட்டார். சாக்குத்தூள் தின்ன வைக்கப்போகிறாள் என்றானே, அந்தச் சாக்குத்தூள்தான் அவனைத் தின்றது. இதை எழுதுகிறபோதும் எனக்கு வாய் இனிக்கிறது, பொய் சொல்லமாட்டேன்.

கோர்ட்டு வராந்தாவில் எல்லாரும் என்னைச் சுற்றி நின்றார்கள். என் கையிலிருந்த இன்னொரு பிரதியை ஒவ்வொருவரும் வாங்கிப் பார்த்தார்கள், கடைசியில் விமலா கைக்குப் போயிற்று. அவள் தன் புருஷன் முகத்தைப் பார்த்தாள், பிறகு சும்மா திருப்பிப் பார்த்தாள். தேவகுமார் தான் கழுவுகிற ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ரப்பர் முத்திரை குத்துவான், ஸ்டுடியோ பேரும் தேதியும். 23-8-54. அவள் விரலால் அந்தத் தேதியைத் தடவிக்கொண்டு, அம்மா, கெட்டுப்போச்சுண்ணு சொன்னிய, என்று மட்டும் கேட்டாள். நான் பதில் சொல்லுகிறதற்குள் பொன்னுதாஸ் உள்ளேயிருந்து வெளியே வந்தான். அப்போதுதான் அவன் கையைப் பார்த்தோம்.

ஓணத்துக்கு முந்தின நாள் ஜெயிலுக்குள் ஏதோ தள்ளுமுள்ளு, கீழே விழுந்தவன் வலது கையை எவனோ பூட்ஸ் காலோடு மிதித்துவிட்டான். இரண்டு விரல் மடங்காது, கை முழுக்க ஒரு நடுக்கம். ஆஸ்பத்திரியில் காட்டினோம், எண்ணெய் போட்டோம், இப்போது கொஞ்சம் பரவாயில்லை. போர்டில் இடது கையால் எழுதப் பழகுகிறான், பிள்ளைகள் சிரிக்கிறார்கள், அவனும் கூடச் சிரிக்கிறான். அந்தக் கையால்தான் கிறிஸ்துமஸ் லீவில் காமிராவைப் பிடித்தான், நான் எடுக்கிறேன் என்று கேட்டும் தரவில்லை, ஈசாக்கு மச்சான் படத்துக்குக் காத்துக்கிட்டு இருப்பாரு, என்றான். படம் ஏன் ஆடியிருக்கிறது என்று கேட்டாயே, அதற்குப் பதில் இதுதான். எஞ்சின்மேல் தப்பில்லை, நீ அனுப்பின காமிராமேலும் தப்பில்லை.

அந்த இரண்டு விரலும் சத்தியதாஸ் தலையில் என்று நான் சொன்னேன். விமலா, ஒரு விரலு அவருக்க தலையில, ஒரு விரலு உனக்க தலையில, என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. சோறு போடுவாள், துணி துவைத்துப் போடுவாள், வார்த்தை கிடையாது, நாலு மாசம் கழிந்தது. பொன்னுதாஸ் வேறே மாதிரி. வராந்தாவில் அன்றைக்கே எல்லாம் கேட்டுவிட்டு, சாரமில்ல மாமி, பரவாயில்லை என்கிற அந்த ஒரே வார்த்தை. அவன் திட்டியிருந்தால் நான் திருப்பித் திட்டியிருப்பேன், எனக்கு அது பழக்கம். சாரமில்லை என்றவனை நான் என்ன செய்ய.

இனி உன் புத்திமதிக்கு வருகிறேன். பிப்ரவரி பதினாலாம் தேதி திங்கட்கிழமை சத்தியதாஸ் கேஸ். நெகட்டிவ் என் கையில் இருக்கிறது, அதைக் கொண்டுபோய்க் கூண்டில் ஏறி, படம் எடுத்தது இன்ன நாள், கழுவினது இன்ன நாள் என்று நான் சொல்லவேண்டும். அவனைச் சபைக் கமிட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள். கோயிலுக்கு வந்தால் நான் பின்பெஞ்சில் உட்கார்ந்து பிரசங்கத்தின்போது எஸ்தரின் புஸ்தகத்தைத் திறந்து மூடுவேன், அந்தச் சத்தத்துக்கு அவன் தோள் குலுங்கும், இரண்டு மாசம் அப்படிச் செய்தேன். இப்போது கோட்டுகாலில் மகள் வீட்டுப் பக்கத்துக் கோயிலுக்குப் போகிறானாம். குடையைக் காலரில் போடுவதில்லை, கையிலேயே பிடித்துக்கொண்டு நடக்கிறான், பிள்ளைகள் பின்னால் நின்று, குடை எனக்கது, ஆளு நானில்ல, என்று கத்துகிறார்கள். நான் அவர்களைத் தடுக்கவில்லை. சபை ஐயர், பழிவாங்குதல் எனக்குரியது என்று கர்த்தர் சொல்லுகிறார் என்ற வசனத்தை எடுத்து என் முகத்தைப் பார்த்தே பிரசங்கித்தார். வாசலில் கைகொடுக்கும்போது, ஐயரே, கர்த்தருக்கு ஆயிரம் வேலை, பாறசாலைக் காரியத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், என்றேன். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

போன வாரம் அவன் பெண்டாட்டி அம்மிணி வந்து அடுக்களையில் தரையில் உட்கார்ந்தாள். மைனி, அவியளுக்கு நெஞ்சு வலிக்கு, ராத்திரியில எழும்பி இருக்காவ, ஜெயிலுக்குப் போனா திரும்பி வரமாட்டாவ, நீங்க போவாம இருந்தா கேஸ் தானே விழுந்துபோவும், என்று அழுதாள். அவளுக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தேன், அவள் எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை. குடித்து முடித்ததும் பொன்னுதாஸைக் கூப்பிட்டு அவள் டம்ளரை எடுத்துக் கொண்டுபோய் வைக்கச் சொன்னேன். வலது கையால் எடுத்தான். டம்ளர் நடுங்குகிறதை அவள் பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அவன் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்து, மாமி, இனி என்னைய அப்படிக் கூப்பிடாதீங்க, என்றான். அவன் என்னிடம் குரல் கடுத்துப் பேசினது அது ஒரு தடவைதான்.

ஆனாலும் நான் போவேன் மகனே. நீ எழுதினாலும் போவேன், ஐயர் சொன்னாலும் போவேன். சத்தியதாஸ் என்னைப் பற்றிப் பொய் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். ஓமனா தோளில் உட்கார்ந்து சிரித்த நேரத்தை எடுத்து அதற்குள் கல்லை வைத்தான், அதை விடமாட்டேன். கூண்டில் நிற்கும்போது கழுவின தேதியையும் கேட்பார்கள், இருபத்தெட்டு நாள் எங்கே வைத்திருந்தாய் என்று அவன் வக்கீல் ஊர் கேட்கக் கேட்பான் என்று வேலாயுதன் வக்கீல் முன்கூட்டியே சொல்லிவிட்டார். கேட்கட்டும், சொல்லுவேன். அவனை மாதிரி, ஆள் நானில்லை, என்று சொல்லமாட்டேன்.

இந்த மாசம் இருபத்திரண்டாம் தேதி சனிக்கிழமை மறுபடியும் தம்பானூருக்குப் போனோம், ஓமனா அழுது கூட்டிக்கொண்டு போனாள். அந்தப் பழைய எஞ்சின்தான் நின்றது, டிரைவர் புதிய ஆள், நமக்காக நீராவியை அடக்குகிறவன் இல்லை. பொன்னுதாஸ் காமிராவை என் கையில் வைத்து, நீங்க எடுங்க மாமி, என் கையில எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கு, என்று சிரித்தான். நீ எழுதினபடி வயிற்றோடு சேர்த்துப் பிடித்தேன், மூச்சை அடக்கினேன். அந்தச் சின்னக் கண்ணாடியில் மூன்று பேரும் நிற்கிறார்கள், ஒன்று இரண்டு என்று எண்ணினேன், தட்டுகிற நேரத்தில் விமலா திரும்பி எஞ்சினைப் பார்த்தாள். தற்செயல் என்று நினைத்து இன்னொன்று தட்டினேன். ஒரு நாளைக்கு இரண்டு என்ற சட்டத்தை நானே உடைத்து, கிறிஸ்துமஸுக்குப் பிறகு போட்ட புதுச் சுருளில் மிச்சமிருந்ததையும் அங்கேயே தீர்த்தேன், ஆக ஐந்து. கழுவி வந்திருக்கிறது, ஐந்தையும் இதோடே வைத்திருக்கிறேன். ஒன்றும் ஆடவில்லை, எஞ்சினில் ஆணியை எண்ணலாம், உன் கூட்டாளிகளிடம் தைரியமாய்க் காட்டு. பொன்னுதாஸ் இருக்கிறான், ஓமனா பல் விழுந்த வாயோடு இருக்கிறாள். ஐந்திலும் உன் தங்கச்சியின் கொண்டைதான் இருக்கிறது.

பிலிம் இரண்டு சுருள் வாங்கி, வருகிற ஆள் கையில் கொடுத்துவிடு, மறக்காதே. அவள் இந்தப் பக்கம் திரும்புகிறவரை எடுக்கவேண்டும். நீ அவளுக்கு எழுதினால் எனக்காகப் பேசவேண்டாம், சுகம் மட்டும் விசாரி. ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகாதே, எண்ணெய் தேய்த்துக் குளி, ஆராதனைக்குப் போ. ஆபிரகாமின் தேவன் ஈசாக்கைக் கத்திக்குத் தப்புவித்ததுபோல உன்னையும் இரும்புக்கும் நெருப்புக்கும் தப்புவிப்பாராக, உன் போக்கும் வரத்தும் அவர் கையில் இருப்பதாக. படங்களைத் திருப்பிப் பின்னால் இருக்கிற முத்திரையைப் பார்த்துக்கொள், 29-1-55. சனிக்கிழமை வாங்கினேன், இன்றைக்குத் திங்கட்கிழமை தபாலில் சேர்க்கிறேன். நடுவில் ஞாயிறு ஒருநாள் மட்டுந்தான் என் கையில் இருந்தது.

இப்படிக்கு உன் அம்மை,
ஞானப்பூ